தெமோதரையில் இறங்க வேண்டியவள்

மௌத்து வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று இஸ்ராவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இறந்துபோன ஜாபிர் மாமாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பதுளைக் கடைவீதிக் குடும்பங்களின் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அந்தக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மனைவி ஸவாஹிரா மாமி சுவரோடு சாய்ந்து, தலை நிறைய வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் வந்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தா முடியிற வரைக்கும் இவட கூட ஆரு நிக்கிற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரே மகள். அவளும் கட்டார்ல."

"தனிய ஒரு வீட்டுல படுக்க ஏலுமா? வெளிய எறங்கவும் ஏலா. கதவத் தட்டினா ஆரெண்டு பாக்கவும் ஏலா."

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதைப் பற்றித்தான் பேச்சு. மாடியறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவிகளில் இரண்டு பேர் அதற்குள்ளேயே பையைக் கட்டிவிட்டார்கள்; மௌத்தான வீட்டில் ராத்திரி தூக்கம் வராதாம். மூன்றாவது ஆள் இஸ்ரா. கிண்ணியாக்காரி. ஊரை விட்டு முதல் முறையாக வந்தவள். தண்ணீர்க் கூசாவோடு குறுக்கே போனவள் மாமியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

"நான் நிக்கிறன் மாமி. இத்தா முடியுமட்டும் ஒரு ராவும் உங்கள விட்டுட்டுப் போகமாட்டன்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி எழுந்து வந்து அவள் தலையைத் தடவி துஆ கேட்டாள். அசர் தொழுகை நேரத்துக்குள் செய்தி கிண்ணியாவுக்கே போய்விட்டது. "எண்ட புள்ளய நான் இப்பிடித்தான் வளத்திருக்கன்" என்று உம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். இனி அந்தச் சொல்லை எங்கே போய்த் திருப்பி எடுப்பது?

வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. பின்கதவைத் திறந்தால் குளியலறை, அதற்குப் பின்னால் நேராக மேலே ஏறும் மண்மேடு. மாடி ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. போய்வர ஒரே வழி முன்வாசல் கிரில் கதவுதான். அதன் பூட்டு மாமியின் அண்ணன் லத்தீப் மாமாவின் பொறுப்பு. தினமும் பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்குப் போகும் வழியில் வந்து வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு வந்து திறப்பார். இரண்டு பெண்கள் தனியாக இருக்கிற வீடு. யாராவது வந்து தட்டினாலும் வெளிப்பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடட்டும் என்பது அவருடைய கணக்கு. அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் இஸ்ரா என்றைக்கோ சண்டை போட்டிருப்பாள்.

இப்படியாகப் பல்கலைக்கழகம் அவளுக்குச் சாயங்காலத்தோடு மூடிவிடும் ஒன்றாகிப் போனது. மற்றவர்கள் கென்டீனில் பாட்டுக் கட்டும்போது அவள் பசறைப் பாதையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். உம்மாவுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்ப உட்காருவாள். "உம்மா, எனக்கு மூச்சு முட்டுது" என்று தொடங்குவாள். அதை அழிப்பாள். "உம்மா, நான் நல்லா இரிக்கன். மாமியும் நல்லா இரிக்கிறா" என்பதை அனுப்புவாள்.

மாமி அதிகம் பேசமாட்டார். அடுப்பைப் பார்ப்பார், தொழுவார், திரைச்சீலைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருட்டுவார். மகள் வீடியோவில் வந்தால் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிரிக்கக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் பார்க்காதபோதுகூட அவர் வலது கை வாயைப் பொத்தியபடியே இருக்கும்.

*

கலை வாரம் வழக்கமாகக் கார்த்திகையில்தான். அதற்குள் இத்தா முடிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் இஸ்ரா தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தாள். இந்த வருடம் பெரிய மழை விழுவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நிர்வாகம் அதைச் செப்டெம்பர் கடைசிக்கு இழுத்துவிட்டது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரங்கள் நடைபாதை முழுக்கத் தொங்கின. கடைவீதி வியாபாரிகளுக்கு அழைப்பு போனது. இஸ்ராவின் நாடகத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இடம் கிடைத்தது.

நிழல் நாடகம். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதற்குப் பின்னால் விளக்கு, அட்டையில் வெட்டிய உருவங்கள். பதுளையில் புறப்படுகிற பஸ். பெரிய சோற்றுப் பானையோடு ஒருத்தி ஏறுகிறாள். தெமோதரையில் இறங்க வேண்டும். கூட்டத்தில் பானை இரண்டு சீற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று கொண்டக்டர் தள்ளிக்கொண்டே இருக்கிறான். தெமோதரை போய்விடுகிறது. பண்டாரவளையும் போய்விடுகிறது. பஸ் அப்புத்தளை மூடுபனிக்குள் ஏறுகிறது. அவ்வளவுதான் கதை. எல்லாருடைய குரலும் ஒரே ஆள். அந்த ஆள் இஸ்ரா.

உருவங்களை ஆட்டியவன் ரஜீவ். மூன்றாம் வருடம், அப்புத்தளைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். "இந்தக் கொரல வேற யாருக்கும் குடுக்க ஏலாதுங்க. கேசினி பேசிப் பாத்தா. பானைக்காரி பொலீஸ்ல முறைப்பாடு குடுக்க வந்த மாதிரி இருக்கு" என்றான்.

"நீ பேசு பாப்பம் அப்ப" என்றாள் கேசினி. பதுளையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டொக்டரின் மகள். கோபம் வந்தாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

"ரெக்கோர்ட் பண்ணி வச்சா என்ன?" என்று இஸ்ரா கேட்டாள். வர முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு அப்போதே இருந்தது.

"சனம் சிரிக்கிறப்ப நிப்பாட்டணும்ல? ரெக்கோர்டு நிக்குமா? நீங்க வந்துருங்க. ஒரு சாயங்காலந்தானே?"

ஒரு சாயங்காலம்தான். அதைக் கேட்பதற்கு அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. லத்தீப் மாமாவின் சாமான் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, சொல்லி முடித்தாள்.

லத்தீப் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கும் கார்ட் வந்தீக்கி. மொத வரிசை. போகாட்டி மரியாதயில்ல." பிறகு, "அதுக்கென்ன மகள், போய்ட்டு வாங்கோ. மஃரிபுக்கு முந்தி என்ட பொஞ்சாதி ஸஹ்ராவ அனுப்புறேன். அவ ஸவாஹிரா கூட இருப்பா. நீங்க போன பொறவு நான் வந்து பூட்டிட்டு அப்பிடியே கேம்பஸுக்கு வாரேன்" என்றார்.

இவ்வளவு லேசாக முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. லேசாக முடிந்ததாலேயே பயம் இன்னும் கூடியது.

வீட்டில் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தாள். கொண்டக்டர், டிரைவர், குடிகாரன், பானைக்காரி, பானைக்காரியின் முழங்கை இடித்த டீச்சர். திரைச்சீலைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மௌத்து வீட்டில் கூத்தடிக்கிறாள் என்று நினைத்திருப்பார் என்று இஸ்ரா குரலைத் தணித்துக்கொள்வாள்.

*

சனிக்கிழமை பகல் முழுக்க மழை இடித்துக் கொட்டியது. இஸ்ரா புதுச் சப்பாத்தை வாசலில் வைத்தால் நனைந்துவிடும் என்று உள்ளே கொண்டுவந்து பேப்பரில் வைத்திருந்தாள். அபாயாவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸஹ்ரா மாமிக்காகக் காத்திருந்தாள். அவர் வந்ததும் அவள் புறப்பட வேண்டும்.

ஸஹ்ரா மாமி வரவில்லை. ஆனால் அவருடைய செருப்பு வாசலில் இருந்தது.

முந்தின நாள் வந்தபோது செருப்பு ஊறிப் போனதால், ஸவாஹிரா மாமியின் காய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தார் அவர். தன்னுடையதை வாசற்படியில் ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். தங்கப் பூ வைத்த கறுப்புச் செருப்பு. தூரத்தில் இருந்து பார்த்தாலும் அவருடையது என்று தெரியும்.

லத்தீப் மாமா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். மனைவியின் செருப்பைப் பார்த்தார். இஸ்ராவின் சப்பாத்தைக் காணவில்லை. மனைவி வந்தாயிற்று, பிள்ளை போயாயிற்று. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இத்தா இருக்கிற வீட்டு வாசலில் பெண்கள் செருப்பு கிடந்தால், உள்ளே யார் யார் இருப்பார்களோ என்று ஒரு மரியாதையான ஆண் கூப்பிட மாட்டார், எட்டிப் பார்க்க மாட்டார். தங்கை வீடென்றாலும் அப்படித்தான். ஒரு தரம் கனைப்பார். கனைத்தார். பூட்டினார். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியிருந்தது. மாமா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

கனைப்பு கேட்டபோது மாமி பின்னால் குளியலறையில் இருந்தார்; இஸ்ரா மாடியில் ஊசி தேடிக்கொண்டிருந்தாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. இறங்கி ஓடி வருவதற்குள் ஒழுங்கையில் மழை மட்டும்தான் இருந்தது.

"மாமா! லத்தீப் மாமா!"

பாங்குச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். முகத்தைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள், ஏதோ தலை போனால் உடம்பும் போய்விடும் என்பதுபோல. ஃபோன் எடுத்தாள். லத்தீப் மாமாவின் ஃபோன் அணைந்திருந்தது. தொழுகைக்காக அணைப்பவர் பெரும்பாலும் கடைக்கு மறுபடி வந்த பிறகுதான் அதைப் போடுவார். இன்றைக்கு அவர் கடைக்கு வரப்போவதில்லை.

மறுபடி மறுபடி அழைத்துப் பார்த்து அரை மணி நேரம் போன பிறகு வாசலில் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே ஸஹ்ரா மாமி.

"என்ன புள்ள, கதவத் தொறங்கோ. நனையிறேன்."

"சாவி மாமாக்கிட்ட மாமி."

"அவரு எங்க?"

"பூட்டிட்டுப் போயிட்டார்."

"நான் வராம எப்பிடிப் பூட்டின?" என்று கேட்ட ஸஹ்ரா மாமி கீழே பார்த்தார். தங்கப் பூச் செருப்பு அவரைப் பார்த்தது. "யா அல்லாஹ். இந்த மனிசனுக்கு என்ட செருப்பு மட்டும் போதும். என்னத் தேவயில்ல."

வேறு நாளாக இருந்தால் இஸ்ரா சிரித்திருப்பாள். உள்ளே கூடத்து இருட்டில் இருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மாமி தும்மினாரோ என்று இஸ்ரா நினைத்தாள்.

கேசினிக்கு அழைத்தாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம், சிங்கள மாணவர்களின் நடனம் போய்க்கொண்டிருந்தது.

"எடியே, எங்க நிக்கிறாய்? இதுக்கு அடுத்தது நாங்கள்!"

இஸ்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள். கேசினி அங்கே யாரிடமோ ஏதோ விசாரிப்பது கேட்டது. பிறகு, "உன்ர மாமா முன்வரிசையில, உபவேந்தருக்குப் பக்கத்தில இருக்கிறார். நான் போய்ச் சாவிய வாங்கிக்கொண்டு வாறன். நீ ரஜீவோட கதை" என்று ஃபோனை ரஜீவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றான் ரஜீவ். அவன் யோசித்துக்கொண்டிருப்பது குரலில் தெரிந்தது. "நேரத்த மாத்த ஏலாதாம், கேட்டுட்டேன். அடுத்து வாற கோஷ்டிக்கு வேன் நிக்குது. நான் ஃபோன மைக்குல புடிக்கிறேன். நீங்க அங்கருந்தே பேசுங்க."

"எனக்கு அங்க ஒண்டும் தெரியாதே ரஜீவ்! நீங்க எப்ப ஆட்டுறீங்க, சனம் எப்ப சிரிக்குது..."

"கேக்கும்ல? சிரிச்சா நிப்பாட்டுங்க. சிரிக்காட்டியும் கொஞ்சம் நிப்பாட்டுங்க, மரியாதைக்கு."

இஸ்ரா கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். வெளியே கம்பிக்கு அப்பால் ஸஹ்ரா மாமி குடையோடு நின்றிருந்தார். திரைச்சீலை விலகியது. ஸவாஹிரா மாமி வந்து, ஒன்றும் கேட்காமல், அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

ஃபோனுக்குள் அறிவிப்பு கேட்டது. பிறகு பெரிய அமைதி. இவ்வளவு பேர் பேசாமல் இருக்கிற அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை.

"பதுளை - பண்டாரவளை - அப்புத்தளை! ஏறுங்க ஏறுங்க! பின்னால எடம் இருக்கு!" என்றாள் கொண்டக்டர் குரலில்.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரிப்பைப் பார்ப்பதாக, விளக்கைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். டிரைவர் வந்தான், குடிகாரன் வந்தான். பானைக்காரி ஏறினாள். சிரிப்பு ஃபோனை அதிரச் செய்தது. அந்தச் சிரிப்பு தனக்குத்தான் என்று தெரிந்தும் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. யாரோ தன்னுடைய கல்யாண வீட்டுச் சத்தத்தைப் பக்கத்து வீட்டில் இருந்து கேட்கிற மாதிரி இருந்தது. ஹாலிஎல்லை போயிற்று. பானை மாட்டிக்கொண்டது. தெமோதரை வரப்போகிறது.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாவி சத்தம் கேட்டது. கிரில் கதவு திறந்தது.

கேசினி தலை முழுக்க மழையோடு நின்று, சத்தம் வராமல், இரண்டு கையாலும் கூப்பிட்டாள். வா. ஆட்டோ நிற்கிறது. மூடுபனிக் காட்சிக்குள் போய்விடலாம். போகிற வழியெல்லாம் ஃபோனில் பேசிக்கொண்டே வா.

இஸ்ரா எழுந்துவிட்டாள். கையில் ஃபோன். திறந்த கதவு. இத்தனை மாதமும் அந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்திருந்து அவள் பார்த்ததே இல்லை. ஒழுங்கையில் மழைக்குள் ஆட்டோவின் வெளிச்சம் மஞ்சளாக விழுந்திருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றவளுக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. ஃபோனுக்குள் இருநூறு முந்நூறு பேர் காத்திருந்தார்கள். ஒரு மூச்சு போயிற்று. இன்னொரு மூச்சு.

"தம்பீ! என்ட பானை! தெமோதரை வந்தீக்கி, பானைய உட்டுட்டு நான் எப்பிடி எறங்குற?"

ஸவாஹிரா மாமியின் குரல்.

அவர் முழங்காலிட்டு, இஸ்ராவின் தொங்கிய கையில் இருந்த ஃபோனைத் தன் பக்கம் இழுத்திருந்தார். மற்றக் கையைக் கதவுப் பக்கம் ஆட்டினார். போ மகள், போ. இதை நான் பார்த்துக்கொள்கிறேன். திரைச்சீலைக்குப் பின்னால் மணி உருட்டியபடியே பானைக்காரியை அவர் மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் பானைக்காரியை மட்டும்தான்.

மண்டபம் வெடித்தது. அந்தச் சிரிப்பு ஃபோனில் வந்து மாமியின் முகத்தில் மோதியதும், மாமியும் சிரித்துவிட்டார். வாயைப் பொத்த மறந்துபோய். மேலே தொடங்கி, நடுவில் மூச்சு சிக்கி, விக்கலில் முடிகிற ஒரு சிரிப்பு. இஸ்ரா அதை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டாள். அது மைக் வழியாக மண்டபம் முழுக்கப் போனது. முன்வரிசைக்கும் போனது.

"முன்னுக்குப் போங்க அக்கா! பானைக்கு வேற டிக்கட்!" என்றாள் இஸ்ரா, யோசிக்காமல். கொண்டக்டருக்கு ஆள் இல்லாமல் மாமி தனியாகத் தவித்து நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுபடி தரையில் உட்கார்ந்தாள். கேசினியைப் பார்த்துத் தலையசைத்தாள், இல்லை என்று. ஸஹ்ரா மாமி உள்ளே வந்து, ஈரக் குடையை ஒரு கையில் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பண்டாரவளை போயிற்று. பஸ் மூடுபனிக்குள் ஏறியது. கடைசியில் பானையும் அவளுமாக அப்புத்தளையில் இறங்கி, பனிக்குள் ஒன்றும் தெரியாமல் நின்று, "தம்பி, இது தெமோதரையா?" என்று கேட்டார்கள். கேட்டது இஸ்ராவா, மாமியா என்று பிறகு நினைத்துப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியவில்லை.

கைதட்டல் ரொம்ப நேரம் போனது. ஃபோனில் அது தகரத்தில் விழுகிற மழை மாதிரி கேட்டது.

"கலக்கிட்டீங்க!" என்று ரஜீவ் கத்தினான். "அந்தப் பானைக்காரி யாருங்க? எல்லாரும் கேக்குறாங்க. பேர் சொல்லவா?"

"சொல்ல வேணாம்!" என்று இஸ்ரா பதறிப்போய் ஃபோனை நிறுத்தினாள்.

*

லத்தீப் மாமா இரவு இஷா தொழுதுவிட்டு வந்தார். வாசலில் நின்று கனைத்தார். கேசினி சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஸஹ்ரா மாமி அவசரமாகத் தன் தங்கப் பூச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா இஸ்ராவைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துப் பேசினார். "மன்னிச்சிக்கோங்கோ மகள். செருப்பப் பாத்து ஏமாந்துட்டேன்."

"பரவால்ல மாமா."

"நல்லா ஈந்திச்சி. எல்லாரும் சிரிச்சாங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு சிரிப்பு கேட்டிச்சி."

ஸஹ்ரா மாமி செருப்புத் தேடுவதை நிறுத்தினார்.

"எனக்குப் பக்கத்துல பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர். அங்கிட்டு உபவேந்தர். நடுவுல நான். என்ட தங்கச்சி, இத்தால ஈக்கிறவ, மைக்குல சிரிக்கிறா." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் யோசிச்சேன் மகள். நீங்க படிக்க வந்த புள்ள. ஒங்கள இங்க கட்டிப் போட்டீக்கிறது எங்கட தப்பு. நாளைலேந்து ஸஹ்ரா வந்து படுப்பா. நீங்க கேம்பஸ் ஹொஸ்டலுக்குப் போங்கோ. உம்மாவுக்கு நானே பேசிச் சொல்றேன், நல்ல மாதிரி."

இதைத்தான் இஸ்ரா ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்க ஆசைப்பட்டாள். இதே வார்த்தைகளை. கெஞ்சாமல், சண்டை போடாமல், சொன்ன சொல்லை மீறாமல், பெரியவர் வாயாலேயே. கென்டீன், பாட்டு, ரஜீவின் அட்டைப் பொம்மைகள், எல்லாம் நாளைக்கே.

திரும்பிப் பார்த்தாள். ஸவாஹிரா மாமி ஃபோனைத் தொட்டது தப்பு என்பதுபோல அதைத் தள்ளி வைத்திருந்தார். வலது கை வாய்க்குத் திரும்பிப் போயிருந்தது. ஸஹ்ரா மாமி இஷாவோடு தூங்கிவிடுவார். விழித்திருக்கிற நேரத்தில் யாருக்கு என்ன வருத்தம், எந்த டொக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்பதைத்தான் பேசுவார்.

"நான் போகல்ல மாமா" என்றாள் இஸ்ரா.

"நீங்க சொன்ன சொல்லுக்காக யோசிக்க வாணாம். ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லுக்காக இல்ல."

"பொறவு? திரும்பவும் இப்பிடி ஏதாச்சும் நடந்தா ஊரு என்ன பேசும்?"

"நானா." உள்ளே இருந்து மாமி அண்ணனைக் கூப்பிட்டார். கை வாயிலிருந்து இறங்கியிருந்தது. "சிரிச்சது நான். அவள ஏன் அனுப்புற?"

"ஊரே கேட்டிச்சி ஸவாஹிரா."

"ஊரு கேட்டிச்சி. ஊருக்கு அது ஆருட சிரிப்பெண்டு தெரியுமா? என்ட சிரிப்பு ஒங்களுக்குத்தானே தெரியும்."

லத்தீப் மாமா குடையின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே நின்றார். "விக்கல் வர்ற வரைக்கும்" என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "சின்னதுலயும் அப்பிடித்தான். உம்மா அடிப்பா, சிரிச்சதுக்கு." முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அனுமதித்தாரா, மறுத்தாரா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஸஹ்ரா மாமி செருப்பை மாட்டிக்கொண்டு கணவரின் கையைத் தொட்டார். "வாங்கோ. பாதையில தண்ணி கூடப் போகுது."

மாமா சாவியை எடுத்தார். திறந்த கதவில் கையை வைத்துக்கொண்டு இஸ்ராவைப் பார்த்தார். கேட்கவில்லை. காத்திருந்தார்.

மௌத்து வீட்டில் சொன்னது தெரியாமல் வந்த வார்த்தை. இதற்கு அந்தச் சாக்கும் இல்லை. இப்போது சொல்வதை நாளைக் காலையில் அவளே திட்டிக்கொள்வாள் என்பதும் தெரியும்.

"பூட்டுங்க மாமா" என்றாள். "நான் உள்ளுக்குத்தான் இரிக்கன்."

பூட்டு விழுந்தது. குடைகள் இரண்டும் ஒழுங்கை முடுக்கில் திரும்பும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு முட்டத்தான் செய்தது. அது போய்விடும் என்று அவள் நினைக்கவும் இல்லை. ஃபோனை எடுத்து, "உம்மா, இண்டைக்கு நான் மேடைக்குப் போகல்ல" என்று தொடங்கினாள். கட்டைவிரல் வழக்கம்போல அழிக்கிற இடத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அனுப்பினாள்.

கூடத்தில் இருந்து மாமி கேட்டார். "மகள், அந்தப் பொம்புள அப்புத்தளைலயே நிக்கிறாளா? திரும்பி வர பஸ் இல்லியா?"

"அதை நான் எழுதல்ல மாமி."

"பனி வேற."

"ஓம்."

"பானையாவது கையில ஈக்கி" என்றார் மாமி. அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

இஸ்ரா உள்ளே போய்ப் பேப்பரோடு அந்தப் புதுச் சப்பாத்தை எடுத்து வந்தாள். கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டு, ஒவ்வொன்றாக, நனைந்த வாசற்படியில் வெளியே வைத்தாள். யார் வந்து பார்த்தாலும் தெரியும்படி, நேராக.